ஒரு கார், நான்கு காடுகள்

(குடியரசு தின விழாவில் நம் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த மாத ஆரம்பத்தில் நாங்கள் இருவரும் காரில் கோடியக்கரை போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வங்கி கவுன்டரில் 34 வருஷம் 'அடுத்தவர் வாங்க' என்று சொல்லியே பழகியவன் நான். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

என் மனைவிக்கு மழைக்காடு பார்க்க ஆசை. கர்நாடகத்தில் ஆகும்பேக்குக் கூட்டிப் போகிறேன், ரிடையர் ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ரிடையர் ஆனேன். அதற்குள் அவருக்குத் தலைசுற்றல் வந்து, மலைப்பாதை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாக்கு நிலுவையில் நின்றது. நிலுவை இருந்தால் வங்கிக்காரனுக்குத் தூக்கம் வராது.

அப்போது தாவரவியல் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் சொன்னான்: "மாமா, நம்ம கடற்கரையிலேயே இலை உதிராத காடு இருக்கு. வளைவே இல்லாத ரோடு!"

உண்மைதான். மழைக்காட்டின் உயரமும் ஈரமும் இதற்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் வெயிலைத் தாங்கி, வருஷம் பூராவும் பச்சையாக நிற்கும். உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இருந்தது. இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து விடியற்காலை கிளம்பி, வெளிவட்டச் சாலையில் வண்டலூர் போய், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டியதும் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில். அதைச் சுற்றித்தான் முதல் காடு. சாமி காடு என்ற பயம்தான் அதற்கு வேலி. பாலை, வீரை, காயா என்று பையன் எழுதிக் கொடுத்த பெயர்களை மரம் மரமாகத் தேடினோம். காயாம்பூ நிறத்துப் பெருமாள் என்று தினமும் சேவிக்கிறவர் என் மனைவி. அந்தக் காயா மரத்தை அன்றுதான் முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டாவது காடு ஆரோவில். 1968-இல் அந்த நகரம் தொடங்கியபோது அங்கே இருந்தது மழை அரித்த செம்மண் பொட்டல். முதலில் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு மரம் வைத்தார்கள். அழிந்த காட்டைத் திரும்ப வளர்க்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

மறுநாள் கடலூர், சிதம்பரம், சீர்காழி. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை வாசலில் உட்கார்ந்து, கட்டுச்சாதத்தைக் காலி பண்ணினோம். காரைக்கால், நாகப்பட்டினம் தாண்டி இரவு வேதாரண்யம். இந்தச் சின்ன ஊர்களில் வழி கேட்டால் கையைக் காட்டிவிட்டு நிற்பதில்லை. திருப்பம் வரை கூடவே நடந்து வருகிறார்கள்.

மூன்றாவது காடு கோடியக்கரை. 1967 முதல் சரணாலயம். முறுக்கிய கொம்போடு வெளிமான்கள், சொந்தக்காரர் இல்லாத குதிரைகள், தூரத்துத் தண்ணீரில் பூநாரைகள். ஆனால் என் மனசில் நின்றது சாய்ந்து கிடந்த மரங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பக்கம் அது. டீக்கடை அம்மா சொன்னார்: "முதல் அடியைக் காடுதான் வாங்கிச்சு. விழுந்ததுலயே எத்தனை துளிர்த்திருக்கு பாருங்க." போய்ப் பார்த்தோம். துளிர்த்திருந்தது.

திரும்பும் வழியில் மனைவி கேட்டார்: "ஏங்க, நாலாவது காடு எங்கே?"

நம் மொட்டை மாடியிலிருந்து ராக்கெட் பார்க்கிறோமே, அந்த ஸ்ரீஹரிகோட்டா தீவில்தான். ஏவுதளக் காவல் இருப்பதால் அங்கேயும் இதே காடு பிழைத்திருக்கிறது. பக்கத்திலேயே இருப்பதைத் தெரிந்துகொள்ள 400 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

நாலு நாள் செலவு 17,860 ரூபாய். கணக்கு டேலி ஆகிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் ஆகவில்லை.

நம் பின்பக்கக் காலி இடத்தில் பேவர் பிளாக் போட்டுக் கூடுதல் கார் நிறுத்துமிடம் ஆக்க அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயரே என்னுடையதுதான். லாரித் தூசி படிந்த பால்கனியைத் தினமும் துடைத்துக்கொண்டே அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

அதை இன்று வாபஸ் வாங்குகிறேன். இடம் தேவைப்படுகிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். என் காரும் தெருவில்தான் நிற்கிறது. அதனால் முழு இடத்தையும் கேட்கவில்லை. பாதியை விடுங்கள். ஒரு வரப்பு, பத்துக் கன்று போதும். நாவலும் மகிழமும் காயாவும் வைப்போம். முதல் இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எங்கள் இருவருடையது.

ஆகும்பேக்கு எங்களால் போக முடியாது. அந்த நிலுவையை இங்கேயே தீர்க்க நீங்கள் மனசு வைக்க வேண்டும்.