வராந்தாவில் கோலம் போடலாமா?

(கார்த்திகை மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டியவன், பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று சிலர் கைபேசியை எடுத்துவிட்டீர்கள். இன்று கோலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் கணக்கு உண்டு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லிஃப்ட் பக்கத்தில் மூன்று வருடமாக ஒட்டியிருக்கும் 'வராந்தாவில் கோலம் போட வேண்டாம்' என்ற அறிவிப்பை எழுதியவன் நான். அப்போது நான் பொருளாளர். காரணமும் இருந்தது. பால் வாங்க வந்த ஓர் அம்மா டைல்ஸ் மேல் கிடந்த கோலப்பொடியில் வழுக்கி, மணிக்கட்டு முறிந்தது. யார் வீட்டுக் கோலம் என்று சண்டை வேறு. அறிவிப்பை ஒட்டிவிட்டு வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி பதில் பேசவில்லை. மறுநாள் பொடி டப்பா பரணுக்குப் போனது. அடுத்த வாரம் வாசலில் ஸ்டிக்கர் வந்தது. இங்கே பாதி வீட்டு வாசலில் அதே ஸ்டிக்கர்தான், எண்ணிப் பார்த்தேன்.

அவள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், மாமனார் சுரங்கத்தில் வேலை. மார்கழியில் முதல் ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறவர்கள் தெருவை அடைத்துக் கிடக்கும் கோலங்களை மிதிக்காமல் வளைந்து வளைந்து போவார்களாம். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள், சிலர் அந்த சைக்கிளில் போனவர்கள்.

தீபாவளிக்கு என் அண்ணன் பேத்தி வந்திருந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். "தாத்தா, எங்க சப்ஜெக்ட்ல கோலம் வருது தெரியுமா?" என்றாள். நம்பவில்லை. அவள் எடுத்துக் காட்டினாள். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டிலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போல, கோலத்தையும் சில விதிகளிலிருந்து கம்ப்யூட்டர் வரைய முடியும் என்று காட்டினார்கள். நம் வாசலில் தினமும் கூட்டித் தள்ளிய மாவு கம்ப்யூட்டர் பாடத்தில் உட்கார்ந்திருக்கிறது!

பிறகு கம்பிக்கோலத்தை ஏழே ஏழு அசைவுகளாகப் பிரித்தார்கள். நேராகப் போவது ஒன்று, வலப்பக்கம் மூன்று அளவுத் திருப்பம், இடப்பக்கம் மூன்று. அதாவது கோலத்தைப் படமாகப் பார்க்காமல் கை போகும் வழியாகப் பார்த்தார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க மனைவியிடம் பேனாவும் பேப்பரும் கொடுத்தேன். மூன்றாவது திருப்பத்திலேயே நின்றுவிட்டாள். "இதுல வராதுங்க, மாவு கொடுங்க" என்றாள். பால்கனியில் உட்கார்ந்து விறுவிறுவென்று போட்டாள். நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்தவளுக்கு விட்ட இடத்திலிருந்து தொடர முடியவில்லை, அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். சின்னக் கோலங்கள் எல்லாம் வந்தன. அவள் அம்மா சொல்லிக்கொடுத்த 15 புள்ளிக் கோலம் மட்டும் வரவில்லை. ஒரு மூலையில் கை நின்றுவிடுகிறது. அதை எழுதி வைத்த நோட்டு கிடையாது. மாமியாரும் இல்லை. மூன்று வருடம் கை போகாத பாதை அது. அந்த அறிவிப்பில் என் கையெழுத்து இருக்கிறது.

இப்போது அந்தக் கணக்கு. வரிசைக்குச் சமமாக நேர்ப்புள்ளி வையுங்கள். ஓரத்தில் மட்டும் திரும்பி, நடுவில் குறுக்காக வெட்டிக்கொண்டே எல்லாப் புள்ளியையும் சுற்றும் எளிய சிக்குக்கோலம் போடுங்கள். எத்தனை கம்பி வரும்? புள்ளி வரிசை, நெடுவரிசை இரண்டின் எண்ணிக்கையையும் மீதமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை. 4க்கு 4 என்றால் நான்கு கம்பி. 4க்கு 6 என்றால் இரண்டு. 3க்கு 4 என்றால் ஒரே கம்பி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடியும். பத்து பைசா இடித்தாலும் இரவு எட்டு மணி வரை டே புக்கை டேலி செய்தவன் நான். முதல் தடவை 3க்கு 4 போட்டுக் கம்பி வந்து சேர்ந்தபோது அதே நிம்மதி. ஆமாம், நானேதான் போட்டேன்.

சிரிக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலா பக்கம் சோக்வே மக்களிடம், மணலில் புள்ளி வைத்து, விரலை எடுக்காமல் சுற்றி வரைந்துகொண்டே கதை சொல்வது பெரியவர்களின் வழக்கம். வரைவது ஆண்கள்தான். பசிபிக் கடலில் வனுவாட்டுத் தீவுகளிலும் மணல் ஓவியம் உண்டு, யுனெஸ்கோ பட்டியலில் 2008இல் சேர்த்தார்கள். 2021இல் அமெரிக்காவில் கமலா ஹாரிஸ் பதவியேற்றபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கொரு அட்டைத் துண்டில் கோலம் வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். மாவு, மணல், அட்டை, கம்ப்யூட்டர் என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. நம் வராந்தாவில்தான் தடை.

வழுக்குவதற்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வழுக்கியது கல்பொடி. பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, துணியில் நனைத்து மோதிர விரல் வழியாக இழைக்கும் மாக்கோலம், காய்ந்தால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். காயும் வரை இரண்டு நாற்காலி போட்டு மறித்தால் போதும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், சுத்தம் செய்யும் பெண்களிடமும் கேட்டுவிட்டேன்.

ஆகவே தீர்மானம் இது. அறிவிப்பை எடுத்துவிடுவோம். வீட்டு வாசலில் சுவர் ஓரமாக மாக்கோலம் மட்டும் போடலாம். மார்கழி முதல் நாள் கீழ்த்தளத்தில் லிஃப்ட் முன்னால் 7க்கு 8 புள்ளி வைத்து ஒரு கோலம், 56 புள்ளி, ஒரே கம்பி, வீட்டுக்கு ஒருவர் கொஞ்ச தூரம் இழுக்கலாம். அன்று விழுந்த அம்மாவிடம் நேற்றே போய்க் கேட்டேன். "இழைக்கோலம்னா நானும் வரேன் சார். கை முழுசாத் திரும்பாது, புள்ளி வெச்சுத் தரேன்" என்றார்.

அரிசி என் வீட்டில் ஊறும். அரைத்துத் தர கிரைண்டர் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்.