வானிலிருந்து நோக்கும் கண்



வடலூரில் தைப்பூசத் திருநாளன்று சத்திய ஞான சபையைச் சூழ்ந்த பெருவெளியில் எள் விழவும் இடமிராது. அக்கூட்டத்தில் ஒரு குழந்தை கை நழுவிப் போய்விட்டால், காவலர் பத்துப் பேர் தேடியும் அகப்படாதது, வானிற் பறக்கும் சிறு டிரோனின் கண்ணுக்கு அகப்படலாம். சென்னை மாநகரக் காவல்துறை 2023 ஜூன் மாதத்தில் இதற்கெனத் தனிப் பிரிவொன்றை அடையாற்றில் தொடங்கியது. காவல்துறைக்கு இக்கருவியே ஆகாது என்று நான் கூற வரவில்லை.

ஆயினும், கூட்டத்தை நோக்கும் அதே கண், திரும்பும் வழியில் நம் மொட்டை மாடியையும் கொல்லைப்புறத்தையும் நோக்கும். வீட்டினுள் வர விரும்பும் காவலர் வாயிலில் நின்று காரணம் கூறவேண்டும். டிரோனுக்கோ வாயிலும் இல்லை, மதிலும் இல்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சாப்-அரியானா எல்லையிலுள்ள சம்புவில், தில்லி நோக்கிச் சென்ற உழவர்கள்மீது அரியானா போலீசார் டிரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினர். கண்ணாக இருந்தது கையாகவும் மாறிற்று.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். நம் அரசியலமைப்பில் வான்வழிப் போக்குவரத்து மத்திய அரசின் பட்டியலிலும், காவல்துறை மாநிலப் பட்டியலிலும் உள்ளன. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் எடை, பதிவு, பறக்கத்தகும் எல்லை ஆகியவற்றை வகுக்கின்றன. போலீசார் யாரைப் படம் எடுக்கலாம், அப்படத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவற்றை அவை வகுக்கவில்லை. நம் மாவட்டக் காவலுக்கு அடிப்படையான சட்டமோ 1859இல் பிறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்ததற்கு 44 ஆண்டுகள் முற்பட்டது!

1962இல் கரக் சிங் வழக்கில், போலீசார் இரவில் வீடு தேடிச் செல்வதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. எனினும் அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அக்கருத்தை மாற்றி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். அதிற் குறுக்கிட ஒரு சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், நோக்கத்திற்கு மிஞ்சாத அளவு வேண்டும். ஆகவே, இத்துறையில் சட்டம் இயற்றுவது சட்டமன்றம் காட்டும் சலுகையன்று, அதன் கடமை.

அச்சட்டத்தில் என்ன இருத்தல் வேண்டும்? ஒருவரையோ ஒரு வீட்டையோ குறிவைத்து நோக்குமுன் நீதிபதியின் ஆணை வேண்டும். வழக்கிற்குத் தேவைப்படாத படங்கள் குறித்த நாளில் அழிக்கப்படவேண்டும். டிரோனில் ஆயுதம் கூடாது. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கணக்கு வைக்கப்படவேண்டும்.

“ஆணை வருமளவும் திருடன் காத்திருப்பானா?” என்பது நியாயமான கேள்வியே. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2013இல் இயற்றிய சட்டம் நீதிமன்ற ஆணையைக் கட்டாயமாக்கிற்று. உயிருக்கு உடனடி ஆபத்து நேரும்போதும், காணாமற் போனவரைத் தேடும்போதும் விலக்களித்தது. தைப்பூசக் குழந்தையைத் தேட அச்சட்டம் தடையாகாது.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஆய்வாளர் வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார். அதை நான் இழிவாகக் கருதியதில்லை. ஒழுங்காக எழுதிய பதிவேடே என் நேர்மைக்குச் சான்றாயிற்று. நேர்மையான காவலருக்கும் நல்ல சட்டம் அத்தகைய துணையே. நாளை வாக்களிக்கப் போகும் நீங்கள் இதனைச் சிந்திப்பீர்களாக.