மஞ்சளும் மங்கும் கண்ணும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்மாந்துறையில் இந்துக்களின் அடுப்படிக்கும் முஸ்லிம் சகோதரர்களின் அடுப்படிக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அதுதான் மஞ்சள். காயத்துக்கும் வீக்கத்துக்கும் அதை அரைத்துப் பூசினர் நம் முன்னோர். அந்த நம்பிக்கை வீண் அன்று. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்னும் பொருளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டென்பதை ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன.

அப்படியானால், முதுமையில் வரும் கண்புரையையும் அது தடுக்குமா? ஐதராபாத்திலுள்ள தேசிய போசணை நிறுவனத்தார் சலரோகமுள்ள எலிகளைக் கொண்டு ஆராய்ந்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். 200 பங்கு உணவில் ஒரு பங்கு மஞ்சள் கலந்து கொடுத்தபோது புரை தாமதித்தே முற்றியது. தனிக் குர்க்குமினைவிட முழு மஞ்சளே கூடிய பயன் தந்தது. ஆனால் கவனியுங்கள்: புரை தாமதித்ததேயன்றி நின்றுவிடவில்லை. இரத்தத்திலுள்ள சீனியும் குறையவில்லை. 2003இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்விலோ, குர்க்குமினின் அளவைக் கூட்டியபோது புரை விரைந்து முற்றியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மெய்யாயிற்று.

எலிக்குக் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. ஆகவே மஞ்சள் கறிச்சட்டியில் இருக்கட்டும், கண்ணுக்குள் வேண்டாம்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் அம்மம்மாவுக்குப் பார்வை மங்கியது. "வயசுக்கு வாற புரைதானே மகன்" என்று சொல்லி, இரண்டு வருடம் பச்சிலைச் சாற்றைக் கண்ணில் விட்டார். பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். புரை அன்று, குளுக்கோமா என்றார் டாக்டர். கண்ணினுள் அழுத்தம் கூடி ஒரு கண்ணின் நரம்பு கெட்டுவிட்டது. புரையென்றால் மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைக்கலாம். குளுக்கோமாவால் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றவே மருந்து. மிஷன் பாடசாலையில் விஞ்ஞானம் படித்த பேரன் நான் வீட்டிலேயே இருந்தேன். அவர் கையைப் பிடித்து முன்னமே அழைத்துப்போகவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

பெரியோர்களே! பார்வை மங்கினால் காத்திராதீர்கள். சலரோகமுள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை கண்ணைக் காட்டுங்கள். சுருட்டை விடுங்கள். வயல் வெயிலில் தொப்பி அணியுங்கள். முருங்கையிலையும் மஞ்சளும் உணவில் இருக்கட்டும். அவை உணவு, சிகிச்சை அல்ல.

வாலிபர்களே! உங்கள் வீட்டு முதியவர் சுவரைத் தடவி நடக்கிறாரா? நாளையே கண் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். நான் பிந்தியதுபோல் நீங்கள் பிந்த வேண்டாம் என்று கேட்டு அமர்கின்றேன்.