மூச்சும் சீன நாட்டுச் சீகுங் முறையும்

(நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கணமும் புராணமுமே பேசி வந்த நம்மை, இம்முறை உடல் நலம் பற்றி உரைக்குமாறு சங்கத்தார் பணித்தனர். தமிழ்ப் பண்டிதனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீவிர் வினவுதல் முறையே. ஆயினும் மூச்சின் பொருட்டு ஒருமுறை அடிபட்டவராதலின், அதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தார் எவர்க்கும் சுருளி புதிதன்று. ஆடி அமாவாசையில் அருவியாடி முன்னோர்க்குக் கடன் கழித்து மீளுங்கால், அங்குள்ள குகைகளைச் சுட்டிச் சித்தர்கள் மூச்சடக்கி இருந்த இடம் என்று மக்களுக்குச் சொல்லுகிறோம். அச்சொல்லைக் கேட்டே வளர்ந்தமையால், தமிழ் பயின்ற காலத்தில் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைப் படித்தபோது நமக்கும் ஆசை பிறந்தது. உள்ளிழுத்தற்கு 16, நிறுத்தற்கு 64, வெளிவிடுதற்கு 32 என்னும் மாத்திரைக் கணக்கை ஏட்டிற் கண்டோம். வழிகாட்டுவார் எவரையும் நாடாது அறையைத் தாழிட்டு அமர்ந்தோம். மூன்றாம் நாள், மூச்சை நிறுத்தி எண்ணிக் கொண்டிருக்கையில் கண் இருண்டு சாய்ந்தோம். நெற்றியிலுள்ள இவ்வடு அன்று பெற்றது. அன்னையார் அந்நூலை நெற்குதிருக்குள் ஒளித்து வைத்தார். பிழை நூலினதன்று; நம் அவசரத்தினது.

பல்லாண்டு கழித்துச் சீனரது சீகுங் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அதன் தொடக்கப் பயிற்சிகளில் மூச்சை வலிந்து நிறுத்தல் இல்லை என்பதே நம் உள்ளத்தை முதலிற் கவர்ந்தது. 'சீ' என்பது மூச்சு, ஆவி, உயிராற்றல் எனப் பல பொருள் தரும் சொல். நம் 'பிராணன்' போன்றதென்க. 'குங்' என்பது நாட்பட்ட பயிற்சியால் வரும் திறம். மெல்லிய அசைவு, அதனோடு இயையும் மூச்சு, இரண்டிலும் ஊன்றிய மனம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சீகுங்.

அப்பெயர் பெருவழக்கானது 1950-களில், சீன அரசு இதற்கென மருத்துவ நிலையங்கள் அமைத்த பின்னரே. பயிற்சியோ மிகப் பழைது. சாங்ஷா நகர்க்கருகே மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பெற்ற கல்லறை ஒன்றை 1973-இல் அகழ்ந்தபோது பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. கை உயர்த்தியும் உடல் வளைத்தும் நிற்கும் 44 உருவங்கள் அதில் உள. அவற்றுள் ஆடவரும் உளர், பெண்டிரும் உளர்.

இஃதெல்லாம் காஞ்சியினின்று சென்ற போதிதருமர் கற்பித்ததன்றோ என்பார் இவ்வவையிலும் இருப்பர். 2011-இல் வந்த திரைப்படத்தின் பின் அப்பேச்சு மிகுந்தது. அவர் பெயரால் வழங்கும் 'தசைநார் மாற்றும் நூல்' 17-ஆம் நூற்றாண்டினது என்பர் ஆராய்ச்சியாளர். மேற்கண்ட ஓவியமோ அவர்க்கு அறுநூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. பிறர் தேடிய பொருளை நமதென்று உரிமை கொண்டாடுதல் தமிழுக்குப் பெருமையாகாது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். 'எட்டுத் துண்டுப் பட்டு' என ஒரு முறை உண்டு. 12-ஆம் நூற்றாண்டு நூலிலேயே இப்பெயர் காணப்படுகிறது. இதன் முதல் அசைவு வானைத் தாங்குதல். கால்களைத் தோளகலம் விரித்து நின்று, வயிற்றின்முன் விரல்களைக் கோத்து, மூச்சு உட்புகுங்கால் கைகளை மெல்ல உயர்த்தி, உள்ளங்கைகள் வானை நோக்குமாறு திருப்பித் தலைக்கு மேல் தாங்குக. மூச்சு வெளிவருங்கால் கைகளைப் பிரித்துப் பக்கவாட்டில் தாழ்த்துக. கண்கள் கைகளைத் தொடரட்டும். இரண்டாவது, வில் வளைத்தல். விடியுமுன் ஜீப்பேறிக் கம்பமெட்டும் போடிமெட்டும் கடந்து, ஏலத்தோட்டத்தில் நாள் முழுதும் குனிந்து காய் பறித்து மீளும் நம் பெண்டிர் இவ்விரண்டையும் மாலையில் செய்து பார்த்தல் நலம். குனிந்த முதுகும் ஒடுங்கிய மார்பும் சற்றே விரியும்.

எட்டாவது, குதிகாலை உயர்த்தி மெல்ல ஊன்றுதல், ஏழு முறை. இதற்குச் சீனர் வைத்த பெயர் நூறு நோயும் அகலும் என்று கூறுகிறது. இங்கேதான் நாம் அஞ்சுகிறோம். நம் தாய்மாமன் முறையினர் ஒருவர், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்டு வந்தார். மூச்சுப் பயிற்சி கற்பிக்க ஊருக்கு வந்த ஒருவர் சொற்கேட்டு அதனை நிறுத்தினார். நாமும் அன்று தடுத்திலோம். மூச்சுக்கு ஆற்றல் உண்டென்று நம்பியிருந்தமையின் உடன் தலையசைத்தோம். ஐந்தாம் மாதம் பக்கவாதம் கண்டது. நமக்கு முதன்முதல் அரிச்சுவடி எழுதக் கற்பித்த அவ்வலக்கை இன்று சோற்றுருண்டையைப் பற்றமாட்டாது.

மெல்ல மூச்சு விடுங்கால் வேகசு என்னும் நரம்பின் வழியே நெஞ்சுத் துடிப்பு தணிகிறது; மனம் அமைகிறது. சீகுங்கின் உறவான தாய்ச்சி முதியோர் தடுக்கி விழுதலைக் குறைக்கிறதென ஆய்வுகள் காட்டியுள்ளன. சீ என்னும் ஆற்றலையோ எக்கருவியும் இதுகாறும் அளந்ததில்லை. இரத்தக் கொதிப்பும் ஓரளவு குறையக்கூடும். அவ்வாறு குறைந்ததாவென அளந்து மாத்திரையைக் குறைக்க வேண்டியவர் மருத்துவரே.

கூட்டம் முடிந்தபின் முற்றத்தில் முதலசைவை நாமே செய்து காட்டுவோம். விரும்புவோர் செருப்பைக் கழற்றிவிட்டு வருக. தலைசுற்றல் உள்ள பெரியோர் நாற்காலியில் அமர்ந்தே கைகளை மட்டும் உயர்த்தலாம். மூச்சை எவரும் எண்ண வேண்டா.