விசில் யார் காதில் விழ வேண்டும்?

‘விசில்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! உதட்டைக் குவித்தால் சீழ்க்கை, நடுவர் கழுத்தில் தொங்கினால் ஊதல். நம் வீட்டில் பருப்பு வேகும் கணக்கே மூன்று விசில். ஆங்கிலப் பேச்சில் ‘விசிலை நனைப்பது’ குடிப்பதாம்!

அலுவலக முறைகேட்டை வெளிப்படுத்துபவரும் ‘விசில் ஊதுபவர்’தான். மலாய்ச் சட்டச் சொல்லில் விசிலே இல்லை. ‘பெம்பெரி மக்லுமாட்’, அதாவது தகவல் தருபவர். அவரைக் காக்க மலேசியாவில் 2010இல் சட்டம் இயற்றினார்கள். ஆனால், ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ் போன்ற அமலாக்கத் தரப்பிடம் சொன்னால்தான் அதன் பாதுகாப்பு கிடைக்கும். பத்திரிகைக்கோ, எங்களைப் போன்ற தொலைக்காட்சிக்கோ மட்டும் சொன்னால் கிடைக்காது. ஊருக்கே கேட்பதுதானே விசில்? சட்டமோ உரிய காதில் மட்டும் ஊதச் சொல்கிறது. வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர்கள், ஊதும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.