எட்டயபுரத்து இரு தீட்சிதர்கள்: மாநாட்டுத் தலைமை உரை



தூத்துக்குடியில் இசைக் கருத்தரங்கா என்று வியப்பவர்கள் உண்டு. இந்த ஊரென்றால் உப்பும் முத்தும் கப்பலும். இசையென்றால் காவிரிக்கரை என்பதே பலரின் எண்ணம். ஆனால் திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது நம் மாவட்டத்து எட்டயபுரத்தில். அவருடைய கீர்த்தனைகள் சுரக்குறிப்போடு பெருந்தொகுப்பாக 1904இல் அச்சேறியதும் அதே ஊரில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதே நம் பொருள்.

முத்துசாமி தீட்சிதர் பீத்தோவனின் காலத்தவர். தந்தை ராமசாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தைத் தந்தவர். குடும்பம் மணலியில் இருந்தபோது சென்னைக் கோட்டையின் பாண்டு வாத்திய இசை முத்துசாமியின் காதில் விழுந்தது. அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டுசுரப் பாடல்கள். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. தம்பி பாலுசாமி வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். காசியில் கழித்த ஆண்டுகள் வடநாட்டு இசையையும், வீணைப் பயிற்சி கமகத்தின் நுட்பத்தையும் முத்துசாமிக்குத் தந்தன. கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளின் நிதானமான நடையில் இவையெல்லாம் கலந்து ஒலிக்கின்றன.

பாலுசாமி எட்டயபுரம் சமஸ்தான வித்துவானானார். தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதரைத் தத்தெடுத்துத் தாமே பயிற்றுவித்தார். சுப்பராமர் பிறந்தது 1839இல். பெரியவர் முத்துசாமி மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. கண்ணால் காணாத ஒருவரின் இசையை, அவருடைய தம்பியின் பாட்டிலும் வாத்தியத்திலும் கேட்டே வளர்ந்தார்.

இங்கே ஓர் ஐரோப்பியச் செய்தியை ஒப்பிடலாம். 'முத்துக் குளிப்போர்' என்ற ஆபெரா 1863இல் பாரிஸில் அரங்கேறியது. அதன் களம் நமக்கு எதிர்க்கரையான இலங்கை. அதை இயற்றிய பிசே, பதினேழு வயதில், 1855இல், ஒரு சிம்பொனி எழுதினார். மூத்தவரான கூனோவின் சிம்பொனி ஒன்றைப் பியானோவுக்கு மாற்றி எழுதிய கையோடு எழுதியது அது. கூனோவின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரியும். பிசேயின் வாழ்நாளில் அது மேடையேறவே இல்லை. 1935இல்தான் அரங்கில் ஒலித்தது. மூத்தவரின் சாயலை இளையவர் எப்படிச் சுமப்பது என்பது எங்கும் உள்ள சிக்கல்தான்.

சுப்பராமர் வேறு வழி கண்டார். இசை அறிஞர் சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும் உருவாகி 1904இல் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில், இசை இலக்கண ஆசிரியர் வேங்கடமகியின் மரபுப்படி எழுபத்திரண்டு ராகங்களை வரிசைப்படுத்தினார். கமகங்களுக்குத் தனிக் குறிகள் அமைத்தார். முத்துசாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகளைப் பதிவு செய்தார். பல ராகங்களின் முடிவில், ராகத்தின் போக்கைக் காட்டத் தாம் இயற்றிய சஞ்சாரியையும் வைத்தார். அவரைத் தொகுப்பாசிரியர் என்று மட்டும் பேசுவோர் இந்தச் சஞ்சாரிகளை ஊன்றிப் பார்ப்பதில்லை. பெரியவரின் கீர்த்தனையிலிருந்து எந்தப் பிடிகளை எடுத்தார், எவற்றை விட்டார், எதைத் தாமே சேர்த்தார் என்பதற்குச் சான்று அங்கேதான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த நூலில் நாம் காணும் முத்துசாமி தீட்சிதர், பாலுசாமி வழியாகச் சுப்பராமர் அறிந்த தீட்சிதர். தஞ்சை நால்வரும் பெரியவரின் நேர்ச் சீடர்களே; அவர்கள் வழியிலும் நாகசுரக்காரர்களின் வாசிப்பிலும் வேறு பாடங்கள் உண்டு. இன்று கச்சேரிகளில் பெரிதும் பாடப்படும் துவிஜாவந்தி ராகத்து 'அகிலாண்டேசுவரி' அந்த நூலில் இடம்பெறவில்லை. நூலில் இல்லாததைப் போலி என்றோ, நூலில் இருப்பதே முடிந்த முடிவு என்றோ தீர்ப்புச் சொல்வது எளிது. மூத்தவர் இளையவரை உருவாக்கினார்; நமக்குக் கிடைக்கும் மூத்தவரை இளையவர் உருவாக்கினார். இரண்டையும் சேர்த்து எடைபோடுவதே ஆய்வு.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். கட்டுரையாளர்கள் ஒரே கீர்த்தனையின் வெவ்வேறு பாடங்களைப் பாடிக் காட்டிப் பேச வேண்டும். மாணவர்கள் சுப்பராமரின் சஞ்சாரிகளையும் வர்ணங்களையும் தனி ஆய்வுப் பொருளாக எடுக்க வேண்டும். 1906இல் அவர் மறைந்தபோது எட்டயபுரத்துப் பாரதி இரங்கற்பா பாடினார். இரங்கற்பா கிடைத்தவருக்கு இசையமைப்பாளர் என்ற முழு மதிப்பீடு இன்னும் கிடைக்கவில்லை. அந்த வேலையை இந்த அவையில் தொடங்குவோம் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.