புயலின் பலம் எங்கிருந்து வருகிறது?

2004ஆம் ஆண்டு மார்ச் 27. பிரேசில் நாட்டின் தெற்குக் கரையை நோக்கி ஒரு புயல் வந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் படத்தில் நடுவே கண் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் மேகங்கள் வளையமாகத் திரண்டிருந்தன. வேறொரு கடலில் அப்படி ஒரு படம் கிடைத்திருந்தால் வானிலையாளர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அது தெற்கு அட்லாண்டிக். ஹரிக்கேன் (கடும் வெப்பமண்டலப் புயலுக்கு அட்லாண்டிக் பகுதியில் வழங்கும் பெயர்) அளவுக்கு வலுத்த புயல் அங்கே அதற்கு முன் பதிவானதே இல்லை. ஆகவே விவாதம் எழுந்தது: இது வெப்பமண்டலப் புயலா, அந்தக் கரைக்குப் பழக்கமான குளிர்மையப் புயலா? ஒரு முடிவுக்கு வருமுன்பே, 28ஆம் தேதி விடியும் முன், சாந்தா கத்தரினா மாநிலத்தின் தென்கோடியில் புயல் கரையேறிவிட்டது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான வீடுகள் சேதமாயின. மாநிலத்தின் பெயராலேயே அதைக் கத்தரினா என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனா வேறு.

வகை எதுவானால் என்ன, காற்று காற்றுதானே என்று தோன்றலாம். ஆனால் எந்த இடத்தில் காற்று மிகக் கடுமையாக வீசும், மழை எந்தப் பக்கம் கொட்டும், புயல் எப்போது தளரும் என்பதெல்லாம் அதன் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தவை.

வெப்பமண்டலப் புயலுக்குப் பலம் தருவது வெதுவெதுப்பான கடல். நீரின் வெப்பம் வழக்கமாக 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். கடலிலிருந்து எழும் நீராவி உயரே மேகமாகும்போது, தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. புயலின் மையம் சூடாகிறது, அழுத்தம் இறங்குகிறது, காற்று இன்னும் வேகமாக உள்ளே சுழன்று பாய்கிறது. கடும் காற்று மையத்தை ஒட்டியே, கண்ணைச் சூழ்ந்த மேகச்சுவரில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தோன்றித் தமிழகக் கரைக்கு வரும் புயல்கள் எல்லாம் இந்த வகையே. தரையேறியதும் கடலின் வெப்பம் கிடைக்காமல் அவை தளர்ந்துவிடுகின்றன.

குளிர்மையப் புயலின், அதாவது வளிமுகப் புயலின் கதை வேறு. துருவத்தின் பக்கமிருந்து வரும் குளிர்க்காற்றும் வெப்பமண்டலத்தின் பக்கமிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றும் சந்திக்கும் எல்லைதான் வளிமுகம். கனத்த குளிர்க்காற்று தாழ்ந்து வெப்பக்காற்றை மேலே தள்ளும். அந்த வேறுபாடே புயலுக்கு விசை. சூடான கடல் அதற்குக் கட்டாயமில்லை. நடுக் குளிர்காலத்திலும், தரையின் மேலும்கூட அது வலுக்கும். மையம் குளிர்ந்திருக்கும், உயரே செல்லச் செல்லக் காற்று வேகமெடுக்கும். அதன் மேகம் வட்டமாக இராது; கால்புள்ளியைப் போல ஒரு நீண்ட வாலோடு பல நூறு கிலோமீட்டர் இழுபட்டுக் கிடக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது துணை வெப்பமண்டலப் புயல். கடலின் வெப்பமும் மேலே உள்ள குளிர்ந்த காற்றும் இரண்டுமே அதற்குப் பலம். அடிப்பகுதியில் மையம் சற்றே சூடு, உயரே குளிர். கடும் காற்று மையத்தருகே இல்லாமல், பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் வீசும். மையம் தொலைவில்தானே இருக்கிறது என்று படகு எடுப்பவர்களுக்கு இதுதான் ஆபத்து. அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையம் 2002 முதல் இத்தகைய புயல்களுக்கும் வெப்பமண்டலப் புயல்களின் வரிசையிலிருந்தே பெயர் சூட்டுகிறது.

கத்தரினா இந்த மூன்று நிலைகளையும் ஒரே வாரத்துக்குள் கடந்தது. முதலில் ஒரு சாதாரண வளிமுகத் தாழ்வு. அந்தப் பகுதியின் தாழ்வுகள் வழக்கமாகத் தென்கிழக்கே, ஆழ்கடலுக்குள் போய்விடும். இது வளிமுகத்திலிருந்து அறுந்து தனியே நின்றது. கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் இடையிலான வேக வேறுபாடு அங்கே வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்ததால் மேகங்கள் சிதறவில்லை. கடல்நீர் 25 டிகிரியை ஒட்டியே இருந்தது. ஆனால் மேலே காற்று அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருந்ததால் அந்தச் சூடே போதுமானதாயிற்று. பின்பு அது மேற்கே திரும்பிக் கரைக்கு வந்தது. 26.5 டிகிரி என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வானிலை பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

2011 முதல் பிரேசில் கடற்படை இத்தகைய புயல்களுக்குப் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறது. துப்பி-குவாரனி பழங்குடி மொழிகளிலிருந்து எடுத்த பெயர்கள் அவை: அரானி, பாப்போ, காரி. அவற்றில் பல துணை வெப்பமண்டலப் புயல்கள். 2019இல் வந்த இபா முழு வெப்பமண்டலப் புயல்.

கத்தரினாவுக்கு நேர்மாறாக மாறியது 2012 அக்டோபரில் வந்த சாண்டி. கரீபியன் கடலில் உருவாகி, ஜமைக்காவையும் கியூபாவையும் தாக்கி வடக்கே ஏறியது. அங்கே குளிர்க்காற்று அதற்குள் புகுந்து சுற்றிக்கொண்டது, வளிமுகங்கள் முளைத்தன, புயல் அகன்று விரிந்தது. 29ஆம் தேதி மாலை நியூ ஜெர்சிக் கரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அது வெப்பமண்டலப் புயல் இல்லை என்று அறிவித்தார்கள். அறிவியல்படி அது சரியே. ஆனால் அப்போதும் காற்று மணிக்கு 130 கிலோமீட்டர், மைய அழுத்தம் 945 மில்லிபார். நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதைகளில் கடல்நீர் புகுந்தது. வெப்பக் கடலில் பிறந்த அதே புயல் மேற்கு வர்ஜீனியா மலைகளில் மூன்றடிவரை பனி கொட்டியது.

இந்த மாற்றம் முன்பே கணிக்கப்பட்டிருந்ததால், வட கரோலினாவுக்கு வடக்கே ஹரிக்கேன் எச்சரிக்கை விடப்படவில்லை. பலத்த காற்று, கரையோர வெள்ளம் என்று வேறு பெயர்களில் எச்சரிக்கைகள் போயின. கரையோர மக்களுக்கு அவை அதே அழுத்தத்தோடு கேட்டிருக்குமா என்ற கேள்வி நியாயமானது. காப்பீட்டிலும் இதே வகைப்பாடு பேசியது: கரையைத் தொட்டபோது அது ஹரிக்கேன் இல்லை என்பதால், ஹரிக்கேனுக்கென்று வீட்டுக்காரர் கூடுதலாக ஏற்கவேண்டிய பங்கை வசூலிக்கக்கூடாது என்று நியூயார்க், நியூ ஜெர்சி மாநில அரசுகள் அறிவித்தன.

மாறிக்கொண்டே இருக்கும் புயலை எப்படிக் கண்காணிப்பது? 2003இல் ராபர்ட் ஹார்ட் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் ஒரு வழி வகுத்தார். புயல் இருபக்கமும் சீராக இருக்கிறதா? அடிப்பகுதியில் மையம் சூடா, குளிரா? மேற்பகுதியில் எப்படி? இந்த மூன்றின் அளவையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், புயல் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது கோடாகத் தெரியும். பெட்டிக்குள் அடைக்காமல் பாதையாகப் பார்ப்பதுதான் அதன் சிறப்பு.

சாண்டிக்குப் பின், 2013இல் அமெரிக்க விதி மாறியது. வெப்பமண்டலத் தன்மையை இழந்த புயலாக இருந்தாலும், கரைக்கு ஆபத்து நீடிக்கும்வரை ஹரிக்கேன் எச்சரிக்கையைத் தொடரலாம். 2017இலிருந்து இன்னும் ஒரு படி: முழுதாக உருவாகாத தாழ்வாக இருந்தாலும், விரைவில் புயற்காற்றோடு கரையைத் தொடும் என்று தெரிந்தால், அதற்கும் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறார்கள்.